மெல்லிய நிற லிப் கிளாஸை முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு

குப்பியில் பார்க்கும்போது நன்னாரி சர்பத்தைப் போலக் கருஞ்சிவப்பாக இருக்கும் ஒரு லிப் கிளாஸ், உதட்டில் தடவியதும் லேசான செஞ்சாயலாக மட்டும் தங்குவதைக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று புதிதாக வாங்குபவர்கள் நினைப்பதுண்டு. ஏமாற்று எதுவும் இல்லை. இந்த வகையின் இயல்பே அதுதான். லிப்ஸ்டிக் உதட்டின் நிறத்தை மூடிவிட்டுத் தன் நிறத்தைக் காட்டுகிறது. மெல்லிய நிற கிளாஸோ, தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிவதைப் போல, உதட்டின் சொந்த நிறத்தையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே ஒரே குப்பி அக்காளின் உதட்டில் ஒரு நிறமாகவும் தங்கையின் உதட்டில் வேறொரு நிறமாகவும் தெரியும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட நிறத்தையோ விளம்பரத்தில் வரும் பெண்ணின் உதட்டையோ தோழியின் பரிந்துரையையோ நம்பி இதை வாங்க முடியாது என்பதற்கும், போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கிளினிக் (Clinique) என்ற அழகுசாதன நிறுவனத்தின் 'பிளாக் ஹனி'. 1971-இல் சிறு கிண்ணத்தில் அடைத்த கிளாஸாக அறிமுகமாகி, 1989-இல் குச்சி வடிவத்துக்கு மாறிய அந்த நிறம், பார்வைக்கு ஏறத்தாழக் கறுப்பாகவே இருக்கும். உதட்டிலோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான பழச்சாயலாக விழும். 2021-இல் சமூக ஊடகங்களின் வழியே இளம்பெண்கள் அதை மறுபடியும் தேடி வாங்கியபோதும், தங்கள் உதட்டில் அது எந்த நிறமாகிறது என்று காட்டுவதில்தான் பலருக்கும் ஆர்வம் இருந்தது.

முதலில் உங்கள் உதட்டைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன்பு, காலை எட்டு ஒன்பது மணிக்கு, நேர்வெயில் விழாத சன்னலோரமாக ஒரு கைக்கண்ணாடியுடன் உட்கார்ந்து, எதுவும் தடவாத உதட்டை நிதானமாகப் பாருங்கள். மேலுதடு கீழுதட்டைவிடக் கருத்திருப்பதும், கீழுதட்டின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் ஓரங்கள் பழுப்பாகவும் இருப்பதும் நம்மில் பலருக்கு இயல்பானவை. அது குறையன்று, மறைத்தே ஆக வேண்டியதும் அன்று. ஆனால் எந்தக் கிளாஸ் உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்த இரண்டு நிறங்களே தீர்மானிக்கின்றன என்பதால், அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பால் கலந்தது போன்ற வெளிர் ரோஜா நிறங்களில் வெண்மைக்காகப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். கருத்த மேலுதட்டின் மீது அந்த வெண்மை படியும்போது ரோஜா நிறம் பின்னே போய்விட, சாம்பல் பூத்தது போன்ற ஒரு மங்கல் முன்னே வந்து நிற்கும். நான் முதன்முதலில் வாங்கியது அப்படி ஒரு நிறம்தான். கடையின் வெள்ளை விளக்கொளியில் புறங்கையில் தடவிப் பார்த்து, மிக அழகாக இருக்கிறதென்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டுக்கொண்டபோது, மோர் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் வந்தவளைப் போல இருந்தேன். அன்றிலிருந்து புறங்கைச் சோதனையை நம்புவதில்லை.

உதடு சற்றுக் கருத்தவர்களுக்கு, வெண்மை கலவாத, ஊடுருவித் தெரியும் ஆழ்ந்த நிறங்களே மெல்லிய கிளாஸில் நன்றாக எடுபடுகின்றன: செங்கல், மாதுளை, நாவற்பழம், வெல்லப்பாகு, டிகாஷனின் பழுப்பு போன்றவை. குப்பியில் அவை பயமுறுத்தும் அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் உதட்டில் அடக்கமாகவே அமர்கின்றன. உதடு வெளிறியவர்களுக்கு எதிர்மாறான சிக்கல் உண்டு: ஆழ்ந்த நிறம் அவர்களுக்கு எதிர்பார்த்ததைவிடத் துலக்கமாகத் தெரிந்துவிடலாம் என்பதால், அவர்கள் ரோஜா, பீச் போன்ற வெளிர் நிறங்களில் தொடங்கலாம். இரு நிற உதடு உடையவர்கள், இரண்டும் ஒரே நிறமாக வேண்டுமென்று கிளாஸிடம் எதிர்பார்க்க வேண்டாம். அது லிப்ஸ்டிக் செய்கிற வேலை.

கடையில் பார்க்க வேண்டியவை

கண்ணாடி போன்ற குப்பியாக இருந்தால் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மறுபுறத்து ஒளி நிறத்தோடு ஊடுருவி வந்தால் அது உண்மையிலேயே மெல்லிய நிறம்; சுண்ணாம்புத் தண்ணீரைப் போல ஒளியைத் தடுத்தால், பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அது உதட்டை ஓரளவு மூடிவிடும் வகையைச் சேர்ந்தது. உள்ளே மினுமினுப்புத் துகள்கள் இருக்கின்றனவா என்பதும் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் அன்றாடம் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு மினுக்கில்லாத வகையே ஏற்றது என்பது என் கருத்து. மாலை நேர விசேஷங்களுக்கு வேறு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கென்று கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டர் குப்பியை எக்காரணம் கொண்டும் நேராக உதட்டில் வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் பிரஷ் எத்தனை வாய்களைத் தொட்டதென்று யாருக்கும் தெரியாது. வாயோரத்தில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் இப்படிப் பகிர்ந்துகொள்ளும் பொருள்களின் வழியாகவும் தொற்றக்கூடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பிரஷ்ஷிலிருந்து ஒரு பொட்டளவு எடுத்து விரல் நுனியின் உட்புறச் சதையில் தடவுங்கள். அந்தச் சதையின் செந்நிறம் புறங்கையைவிட உதட்டுக்கு நெருக்கமானது. தடவிய விரலோடு கடை வாசல் வரை நடந்து போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைப்பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும். பணம் கொடுப்பவர் நீங்கள்.

விரலை உதட்டருகே கொண்டுபோய் வாசனையையும் பார்த்துவிடுங்கள். வெனிலாவோ ஸ்ட்ராபெரியோ, மூக்குக்குக் கீழேயே நாள் முழுவதும் இருக்கப் போகிற வாசனை அது. கடையில் இரண்டு நிமிடம் இனிப்பாகத் தோன்றுவது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திகட்டிவிடலாம்.

உறையில் உள்ள பொடி எழுத்துகள்

இந்தியாவில் தயாரான பொருளென்றால் உறையிலோ குப்பியிலோ தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சந்தைத் தெருக்களில் பெரிய நிறுவனங்களின் பெயரோடு மிக மலிவாக விற்கப்படும் குப்பிகளில் பெரும்பாலும் இல்லாமல் போவது இந்த விவரங்கள்தாம். உதட்டில் தடவுவதில் ஒரு பங்கு தெரிந்தோ தெரியாமலோ வயிற்றுக்குள் போகிறது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்து, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதில் அதிகமாக இருப்பது முதலிலும் குறைவாக இருப்பது பின்னாலும் வரும் என்பதால், முதல் நான்கைந்து பெயர்களே கிளாஸின் குணத்தைச் சொல்லிவிடும். பாலிபியூட்டீன், ஹைட்ரஜனேட்டட் பாலிஐசோபியூட்டீன் என்ற பெயர்கள் முதலில் வந்தால் கெட்டியான பளபளப்பும், நீண்ட நேரம் தங்கும் தன்மையும், கூடவே பிசுபிசுப்பும் இருக்கும் என்று கொள்ளலாம். இந்தக் கெட்டி எண்ணெய்கள் உதட்டின் வரிகளை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்குகின்றன; சமமான பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் திருப்புவதால்தான் அந்த ஈரப் பளபளப்பு தோன்றுகிறது. ரிசினஸ் கம்யூனிஸ் என்று ஒரு பெயர் வந்தால் மலைத்துப்போக வேண்டாம். அது நம் ஆமணக்கு. பாட்டிமார் கைவசம் எப்போதும் இருந்த விளக்கெண்ணெய்தான் அது. அதன் பிசுக்கே இங்கே பயன்.

நிறங்கள் பட்டியலின் கடைசியில் சி.ஐ. என்ற எழுத்துகளுடன் ஐந்திலக்க எண்களாக இருக்கும். 77891 என்பது மேலே சொன்ன டைட்டானியம் டை ஆக்சைடு. 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு. 75470 என்று இருந்தால் அது கார்மைன், அதாவது கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் இந்த எண்ணையும், தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின் ஆகிய பெயர்களையும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். 45410 என்ற எண் இருந்தால், தடவிய சற்று நேரத்தில் உதட்டின் ஈரத்தோடு சேர்ந்து ரோஜா நிறமாக மாறி, கிளாஸைத் துடைத்த பிறகும் ஒரு கறையைப் போலத் தங்கும் சாயம் அதில் இருக்கிறது என்று பொருள். 'உங்களுக்கென்றே நிறம் மாறும்' என்று சொல்லி விற்கும் கிளாஸ்களில் பெரும்பாலும் இருப்பது இந்தச் சாயமே.

உதட்டைப் பெரிதாகக் காட்டும் என்று சொல்லப்படும் வகைகளில் மிளகாய்ச் சாரமோ மென்தாலோ பட்டையோ இருக்கும். அந்த எரிச்சலால்தான் உதடு சற்று உப்புகிறது. முதல் கிளாஸாக அதை வாங்க வேண்டாம்.

உதட்டுக்கு முன்பு முழங்கை

வாங்கி வந்த அன்றே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடக் கூடாது. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தடவி, காலையும் மாலையும் அதே இடத்தில் மறுபடியும் தடவிக்கொண்டு, சில நாள் கவனியுங்கள். தோல் மருத்துவர்கள் ஏழு முதல் பத்து நாள் வரை பார்க்கச் சொல்வார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இரண்டு முழு நாளாவது பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ சிவப்போ தோன்றினால் அந்தக் குப்பி உதட்டுக்குப் போகக் கூடாது. வாசனைப் பொருள்கள், சுவையூட்டிகள், லானோலின் ஆகியவை பலருக்கு ஒவ்வாமை தருகின்றன. அபூர்வமாக விளக்கெண்ணெயே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு எந்த உதட்டுப் பூச்சாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதன் சேர்மானப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் காரணம் பிடிபடக்கூடும்.

தடவும் நாள்

கிளாஸ் உதட்டில் உள்ள எதையும் மறைக்காது என்பதோடு, உரிந்த தோலையும் வெடிப்பையும் அது வெளிச்சம் போட்டுக் காட்டவும் செய்யும். உதட்டின் மேல்தோல் முகத்தின் மற்ற இடங்களைவிட மெல்லியது, அதில் வியர்வைச் சுரப்பிகளும் இல்லை என்பதால், அது எளிதில் வறண்டு போகிறது. முதல் நாள் இரவு வாசலினோ வீட்டில் இருக்கும் வெண்ணெயோ மெல்லியதாகத் தடவிக்கொண்டு படுத்து, காலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் வட்டமாக ஒற்றித் தேய்த்தாலே உரிந்த தோல் வந்துவிடும். சர்க்கரையைப் போட்டுக் கரகரவென்று தேய்க்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வராத தோலைப் பிய்க்கவும் கூடாது. வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ வாய்க்கடையில் புண் இருந்தாலோ, ஆறும்வரை கிளாஸைத் தள்ளிப்போடுங்கள்.

வெயிலில் போகிறவர்கள் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாமை முதலில் தடவிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கிளாஸ்களில் வெயில் பாதுகாப்பு இருப்பதில்லை. தடவியபின் பத்து நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் டிஷ்யூ தாளால் ஒரே ஒரு முறை ஒற்றி எடுங்கள். அந்த எண்ணெய் அப்படியே இருந்தால் கிளாஸ் நிற்க இடமில்லாமல் வழுக்கி, வாய்க்கடையில் போய்த் தேங்கும்.

இனி குப்பியைத் திறக்கலாம். மூடியோடு இணைந்த பிரஷ்ஷை மெதுவாக இழுத்தால், குப்பியின் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் அதிலுள்ள மிகுதியை வழித்து உள்ளேயே விட்டுவிடும். ஆகவே பிரஷ்ஷை உள்ளேயும் வெளியேயுமாகப் பம்ப் அடிக்காதீர்கள்; அதனால் கிளாஸ் கூடுதலாக வருவதில்லை, காற்றுக் குமிழிகளே உள்ளே போகின்றன. வெளியே எடுத்த பிரஷ்ஷின் ஒரு பக்கத்தில் சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் ஒட்டியிருக்கும். கூடுதலான பக்கத்தைக் கீழுதட்டின் நடுவில் வைத்து, அங்கிருந்து இடப்புறம் ஒரு இழுப்பு, வலப்புறம் ஒரு இழுப்பு. வாய்க்கடைக்கு ஒரு நெல்மணி அளவு முன்னதாகவே நின்றுவிடுங்கள். குறைவாக ஒட்டியிருக்கும் மறுபக்கத்தை மேலுதட்டின் நடுப்பள்ளத்தில் மட்டும் தொட்டு எடுத்தால் போதும். பிறகு இரண்டு உதடுகளையும் ஒருமுறை மென்மையாகச் சேர்த்துப் பிரித்தால், கீழுதட்டில் உள்ளது தேவையான அளவுக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில் நடக்கிறது. முதல் பூச்சில் நிறம் போதவில்லையென்று இரண்டாவது, மூன்றாவது பூச்சு போடுவார்கள். மெல்லிய கிளாஸில் பூச்சு கூடக் கூடப் பிசுபிசுப்பு ஏறும் வேகத்துக்கு நிறம் ஏறுவதில்லை. ஒரு பூச்சு போட்டு, கண்ணாடியை விட்டு ஒரு கை தூரம் விலகி நின்று, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறர் உங்களைப் பார்க்கும் தூரம் அதுதான். அங்கிருந்து பார்த்தும் போதவில்லையென்றால் வேறு நிறம் வேண்டும் என்று பொருளே தவிர, இதே நிறத்தில் இன்னொரு பூச்சு வேண்டும் என்று பொருளன்று.

ஒரு முழு நாள் பார்ப்பது

வீட்டில் கண்ணாடி முன் பத்து நிமிடம் நன்றாக இருப்பதை வைத்து அன்றாடத்துக்கான கிளாஸைத் தீர்மானிக்க முடியாது. வழக்கமான ஒரு வேலை நாளில் போட்டுக்கொண்டு போய், அது எங்கெங்கே தொல்லை தருகிறது என்று பார்க்க வேண்டும். தலையை விரித்துவிட்டு ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும்: காற்றில் பறக்கும் முடி நேராக உதட்டில் வந்து ஒட்டும், இழுத்து எடுத்தால் கன்னத்தில் ஒரு கோடு விழும், தூசியும் அந்தப் பிசுக்கில் தங்கும். இவர்கள் வண்டியை நிறுத்திய பிறகு போட்டுக்கொள்வதே நல்லது. பேருந்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களும் சன்னலோரக் காற்றைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காபி நேரம் அடுத்த சோதனை. பீங்கான் கோப்பையின் விளிம்பில் கிளாஸ் ஒரு பிறையாக ஒட்டிக்கொண்டு போய்விடும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழகியவர்களுக்கு இந்தக் கவலையில்லை. அந்தப் பழக்கத்தைச் சொல்லித் தந்த அம்மாக்களுக்கு, அது இப்படியும் உதவும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மதியச் சாப்பாட்டை எந்த மெல்லிய கிளாஸும் தாங்காது. கிளாஸே எண்ணெயால் ஆனது என்பதால் தாளித்த குழம்பின் எண்ணெயும் ஊறுகாய் எண்ணெயும் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். சாப்பிடுவதற்கு முன்பே துடைத்துவிட்டு, கை கழுவி வாய் கொப்பளித்த பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மீதமிருப்பதன் மேலேயே பூசினால் வாயோரங்களில் வெள்ளைக் கோடாகத் திரளும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மறுபடியும் போட வேண்டியிருப்பது இந்த வகைக்கு இயல்புதான். அந்த வேலை பிடிக்காதவர்கள் லிப்ஸ்டிக்கோடு இருந்துவிடலாம்.

மாலையில் கவனிக்க வேண்டியது உதட்டின் நிலை. கிளாஸ் போனபின் உதடு காலையில் இருந்ததைவிட வறண்டு இழுக்கிறதா, அடிக்கடி நாக்கால் தடவத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இனிப்புச் சுவையுள்ள கிளாஸ்கள் உதட்டை நக்கும் பழக்கத்தைத் தூண்டும். எச்சில் உலரும்போது உதடு மேலும் காயும், மறுபடியும் நக்கத் தோன்றும். மூன்று நாள் போட்டும் அப்படியே இருந்தால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தக் குப்பியை விட்டுவிட வேண்டியதுதான்.

இரவிலும் அதற்குப் பிறகும்

படுக்கும் முன்பு பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தால் கிளாஸ் முழுவதும் வந்துவிடும்; சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. குப்பியின் பின்புறத்தில் மூடி திறந்த டப்பாவின் படமும் அதற்குள் 6 எம், 12 எம் என்பது போன்ற ஒரு குறியும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே அதன் பொருள். திறந்த தேதியை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் குப்பியில் ஒட்டிவைத்தால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தாலோ, எண்ணெய் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிந்தாலோ, தேதியைப் பார்க்காமல் எறிந்துவிடலாம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் கிளாஸை விட்டுச் சென்று, மாலையில் வந்து பார்த்தபோது அது தண்ணீராய் ஒழுகி ஆர்.சி. புத்தகத்தின் உறையை நனைத்திருந்ததை ஒருமுறை நான் பார்த்தேன். அதன் பிறகு மறுபடியும் கெட்டியானாலும் அது பழையபடி ஒட்டவில்லை.

போட்டுப் பார்த்து நிறம் ஒத்துவராமல் போனால், அதை அடர்ந்த நிற லிப்ஸ்டிக்கின் மேல், கீழுதட்டின் நடுவில் மட்டும், பளபளப்புக்காகத் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் பிரஷ் லிப்ஸ்டிக்கைத் தொட்டால் குப்பிக்குள் உள்ளதும் நிறம் மாறிவிடும் என்பதால், சுத்தமான விரலில் எடுத்துத் தடவுங்கள். 'எனக்குச் சரியில்லை, நீ வைத்துக்கொள்' என்று தங்கையிடம் அந்தக் குப்பியைக் கொடுத்துவிட வேண்டாம். கடையின் டெஸ்டரை உதட்டில் வைக்கக் கூடாதென்று எந்தக் காரணத்துக்காகச் சொன்னேனோ, அது வீட்டுக்குள்ளும் பொருந்தும்.